வன்னி ஓட்டத்துக்குப் பெரிய எரிபொருள் தாங்கி: வாங்கும் முன்னும் பூட்டும்போதும் பார்க்க வேண்டியவை

பருத்தித்துறை முனையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நேர்கோட்டில் அளந்தால் சுமார் 435 கிலோமீற்றர்தான். ஹைலக்ஸ் டபுள்கப் ஒன்றின் 80 லீற்றர் தாங்கியை நிரப்பிவிட்டு ஏ9 வீதியில் ஏறினால், கவனமாக ஓடுகிறவர் 700 கிலோமீற்றர் போய்விடலாம். நாட்டின் நீளத்தையே விஞ்சும் தாங்கி ஏற்கெனவே அடியில் தொங்கும்போது, அதைவிடப் பெரியது எதற்கு என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நெடுந்தூரத் தாங்கி என்ற சாமான் பிரபலமானது அவுஸ்திரேலியாவில். அங்கே கன்னிங் ஸ்டொக் றூட் என்ற பாலைவனப் பாதை மட்டும் சுமார் 1,850 கிலோமீற்றர். இடையில் எரிபொருள் கிடைக்கும் இடங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணி முடிக்கலாம். அந்தத் தேவைக்குச் செய்த 140, 180 லீற்றர் தாங்கிகளின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஆட்களும் ஆசைப்படுகிறார்கள். வன்னியில் நிலைமை வேறு. இங்கே கூடுதல் தாங்கி தருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, லோ கியரில் ஊர்ந்து போகும் மணித்தியாலங்களைத் தாங்கும் பலம். மற்றது, நம்பிக்கையான செட்டில் (எரிபொருள் நிலையத்தில்) நல்ல டீசலை அடித்துக்கொண்டு, கண்ட இடத்தில் பரலிலிருந்து ஊற்றாமல் திரும்பி வரும் வசதி. இந்த இரண்டுக்கும் போதுமான மிகச் சிறிய தாங்கியைத் தேடுங்கள். மிஞ்சும் காசை வடிகட்டிக்கும், தாங்கிக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய்க்கும் செலவழிக்கலாம்.

முதற்படி: கொப்பியில் கணக்கு

கடைக்குப் போகுமுன் ஒரு மாதமாவது உங்கள் வாகனத்தின் குடிப்பை எழுதி வையுங்கள். பம்ப் தானாக நிற்கும் வரை அடித்து, மீற்றரைக் குறித்து, ஓடிவிட்டு, அதே செட்டில் மறுபடி நிற்கும் வரை அடித்தால் எவ்வளவு முடிந்தது என்று தெரிந்துவிடும். முக்கியம் என்னவென்றால், ஒரே சராசரியாக எழுதாதீர்கள். கார்ப்பெற் வீதி, கிரவல் வீதி, மணலும் சேறும், நின்ற இடத்தில் இயங்கியது என்று நான்காகப் பிரியுங்கள். கடைசியானதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏசியைப் போட்டபடி நிற்கும் மூன்று லீற்றர் அளவு டீசல் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் குடிக்கும்.

ஒரு உதாரணம். வவுனியாவில் நிரப்பிக்கொண்டு நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக முத்தையன்கட்டுக் குளம், அங்கிருந்து முல்லைத்தீவு, பிறகு கரையோரமாகக் கொக்கிளாய்ப் பக்கம், திரும்பவும் வவுனியா என்று மூன்று நாள் சுற்று. நல்ல வீதி 150 கிலோமீற்றர் என்று வைத்தால், நூறுக்குப் பத்து லீற்றர் வீதம் 15 லீற்றர். கிரவல் 70 கிலோமீற்றர், நூறுக்கு 13 வீதம் 9 லீற்றர். மணலும் சேறும் 30 கிலோமீற்றர், நூறுக்கு 22 வீதம் 7 லீற்றர். நின்று இயங்கியது ஆறு மணித்தியாலம், 6 லீற்றர். மொத்தம் 37. அதில் மூன்றிலொரு பங்கைக் கையிருப்பாகச் சேர்த்தாலும் 50 லீற்றருக்குள்தான். கம்பனித் தாங்கி தாராளமாகக் காணும்.

ஆக, சாதாரணமாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குப் புதுத் தாங்கி தேவையே இல்லை என்பது என் முடிவு. ஒரு நல்ல இரும்புக் கானில் 20 லீற்றர் போதும். இதைப் படித்துவிட்டு இங்கேயே நிறுத்தினாலும் உங்களுக்கு லாபம்தான்.

தேவைப்படுகிறவர்கள் யார்? சின்னத் தாங்கியுள்ள வாகனக்காரர். ஜிம்னிக்கு வெறும் 40 லீற்றர். நூறுக்கு 18 லீற்றருக்கு மேல் விழுங்கும் பழைய பெற்றோல் வீ6 வைத்திருப்பவர் (ஆனால் பெற்றோலுக்கு வேறு சிக்கல் உண்டு, கீழே வருகிறேன்). படகு ட்ரெய்லரோ தண்ணீர் பவுசரோ இழுப்பவர். நில அளவை, காட்டு வேலை என்று நாள் கணக்கில் உள்ளே நிற்பவர். மழைக்காலத்திலும் ஓட வேண்டியவர். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, அரை மணி ஓட்டம் எப்படி நாள் முழுதும் சுற்றும் ஓட்டமாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தட்டுப்பாட்டுக்காகத் தாங்கி வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல். 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கொடுத்தார்கள். கான்களுக்கு ஊற்றுவதையும் நிறுத்தினார்கள். அந்த அளவில் 140 லீற்றர் தாங்கியை நிரப்ப ஏழு வாரம் ஓடாமல் நிற்க வேண்டும். தட்டுப்பாடு தொடங்குமுன் நிரம்பியிருந்தால்தான் பெரிய தாங்கிக்குப் பெறுமதி. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய சனம் நாங்கள். சேமித்து வைக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் கணக்கு கணக்குத்தான்.

இரண்டாம் படி: மாற்றுத் தாங்கியா, துணைத் தாங்கியா?

மாற்றுத் தாங்கி என்றால் கம்பனித் தாங்கியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியதைப் பூட்டுவது. ஊற்றும் வாய் ஒன்று, அளவுகாட்டி ஒன்று, சுவிட்ச் எதுவும் இல்லை. பழுதாகும் பாகங்கள் குறைவு. குறை என்னவென்றால், அந்த வாகனத்துக்கென்றே வார்த்த தாங்கியாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் ஓடர் செய்யும்போது மொடலின் பெயர் மட்டும் போதாது. சேஸி இலக்கம், ஆண்டு, கியர்பெட்டி வகை, நீள அச்சா குறுகிய அச்சா என்பதெல்லாம் கொடுங்கள். யப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த வாகனமும் அவுஸ்திரேலியாவுக்குப் போன வாகனமும் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும், அடியில் குழாய் போகும் வழி வேறாக இருக்கும்.

துணைத் தாங்கி என்பது இரண்டாவது தாங்கி. வழமையாகப் பின் அச்சுக்குப் பின்னால், ஸ்பெயர் சில்லு தொங்கும் இடத்தில் வரும். ஒன்றில் ஓட்டை விழுந்தால் மற்றதில் வீடு வரலாம். ஒன்றில் அழுக்கு டீசல் விழுந்துவிட்டால் அதை அடைத்துவிட்டு மற்றதில் ஓடலாம். வன்னியில் எனக்குப் பிடித்தது இதுதான். அதற்குக் காரணம் கொள்ளளவு அல்ல, இந்தப் பிரித்து வைக்கும் வசதி.

ஆனால் துணைத் தாங்கியை எஞ்சினோடு எப்படி இணைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் எண்ணெயை உறிஞ்சி, மிச்சத்தைத் திரும்பிவரும் குழாயால் தாங்கிக்கே அனுப்பும். வால்வைத் திருப்பி துணைத் தாங்கியிலிருந்து உறிஞ்ச வைத்துவிட்டு, திரும்பும் குழாயை முதல் தாங்கியிலேயே விட்டால் என்ன நடக்கும்? ஒன்று காலியாகும், மற்றது நிரம்பி வழியும். ஆகவே மாற்றும் வால்வு என்றால் போவதையும் வருவதையும் சேர்த்துத் திருப்பும் ஆறு வாய் வால்வாக இருக்க வேண்டும்.

காமன் ரெயில் எஞ்சின்களுக்கு (மிகக் கூடிய அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் புதிய வகை) அதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. எஞ்சினின் குழாயைத் தொடவே வேண்டாம். துணைத் தாங்கியிலிருந்து சிறிய மின்பம்பு ஒன்றால் முதல் தாங்கிக்கு எண்ணெயை ஏற்றுங்கள். முதல் தாங்கி அரைவாசிக்கு வந்ததும் சுவிட்சைப் போடுவது, ஏறியதும் நிறுத்துவது. நேரம் குறித்து நிறுத்தும் ரைமர் ஒன்றைச் சேர்த்தால் மறதிக்கும் மருந்து. பம்பு செத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், காற்றும் உள்ளே புகாது.

பெற்றோல் வாகனக்காரருக்கு: ஆவி பிடிக்கும் கனிஸ்ரர், தாங்கிக்குள்ளேயே இருக்கும் பம்பு, தீப்பிடிக்கும் வேகம் எல்லாம் சேர்ந்து வேலையைச் சிக்கலாக்கும். ஊர் கராச்சில் பெற்றோல் துணைத் தாங்கி செய்விக்காதீர்கள். கம்பனியிலேயே இரட்டைத் தாங்கியோடு வந்த பாகம் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

கம்பனிப் பாகம் என்றதும் ஞாபகம் வருகிறது. லாண்ட் குரூசர் 200, நிசான் பட்றோல் போன்றவை சில நாடுகளுக்கு இரண்டாவது தாங்கியோடுதான் போயின. பட்றோலில் 95 லீற்றரோடு இன்னொரு 40 லீற்றர். உங்கள் வாகனம் அந்தக் குடும்பமென்றால், புதிதாகச் செய்விக்குமுன் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகக் கடைகளில் விசாரியுங்கள். சேஸியில் துளைகள்கூட ஏற்கெனவே இருக்கலாம்.

மூன்றாம் படி: பாரம் எங்கே விழும்?

ஒரு லீற்றர் டீசல் ஏறக்குறைய 840 கிராம். 60 லீற்றர் என்றால் 50 கிலோ, தாங்கியின் இரும்பும் பட்டியும் 20 கிலோ என்று வையுங்கள், மொத்தம் 70. ஹைலக்ஸின் இரு அச்சுகளுக்கிடையே 3,085 மில்லிமீற்றர். பின் அச்சிலிருந்து 900 மில்லிமீற்றர் பின்னால் அந்த 70 கிலோவைத் தொங்கவிட்டால், பின் அச்சில் விழுவது 90 கிலோ. முன் அச்சிலிருந்து 20 கிலோ எழும்பிவிடும். ஏற்றம் இறக்கத்தில் ஒரு பக்கம் அமுக்க மறுபக்கம் எழும்பும் பலகை போல முன்பக்கம் லேசாகி, ஸ்ரியரிங் மிதக்கத் தொடங்கும். இதோடு பின் பெட்டியில் தண்ணீர்க் கான், கூடாரம், கூரையில் இன்னொரு சில்லு என்று ஏற்றினால் குழி விழுந்த கிரவலில் சேஸியே விரிசல் விடலாம்.

அச்சுகளுக்கிடையே வரும் தாங்கி எப்போதும் நல்லது. பின்னால்தான் இடமென்றால் 50, 60 லீற்றரைத் தாண்டாதீர்கள். வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை எடுத்து, ஆட்கள் உட்பட எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அரிசி ஆலையில் லொறி நிறுக்கும் தராசிருந்தால் கேட்டு ஏற்றிப் பார்க்கலாம். முன் சில்லு தனியாக, பின் சில்லு தனியாக நிறுத்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று, தாங்கி எவ்வளவு கீழே தொங்குகிறது என்பது. பின் அச்சின் நடுவில் உள்ள உருண்டையைவிடத் (டிஃபரென்ஷல்) தாழ்ந்து எதுவும் நடுவில் தொங்கக் கூடாது. பாதையில் மரக்குற்றி தெரிந்தால் ஓரமாக இறக்கிப் போகலாம் என்ற யோசனை எல்லா இடத்துக்கும் சரிவராது. வன்னியில் இன்னும் மிதிவெடி அகற்றி முடியாத துண்டுகள் உண்டு. மண்டையோட்டுப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சனம் புழங்காத நிலத்தில் சில்லை வைக்காதீர்கள். பாதைக்குள்ளேயே குற்றியைத் தாண்ட முடியாத வாகனமானால் திரும்பிப் போவதுதான் வழி.

நான்காம் படி: எதில் செய்தது?

சாதாரண இரும்புத் தகடு மலிவு, எந்த ஊரிலும் ஒட்டலாம். ஆனால் உள்ளே ஈரம் படிந்து துருப்பிடிக்கும். துருத்தூள் நேராக வடிகட்டிக்கு வரும். அலுமினியம் பூசிய உருக்குத் தகடு, ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில், இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கிறது. பேர்பெற்ற அவுஸ்திரேலியத் தாங்கிகள் பல இதில்தான் வருகின்றன. துருப்பிடிக்காத உருக்கு நல்லதுதான், ஒட்டுவேலை கெட்டியாக இல்லாவிட்டால் அதிர்வில் மூலைகளில் விரிசல் விடும். தனி அலுமினியத்துக்கும் அதே பயம்.

நாகம் (சிங்க்) பூசிய தகடு மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கு நல்லது என்பதால் பலர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நாகம் டீசலோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற பசையை உண்டாக்கும், அது இன்ஜெக்டரை அடைக்கும். செப்புக் குழாயையும் தவிர்க்கலாம். டீசல் கெட்டுப்போவதை அது வேகப்படுத்தும்.

வார்த்த பொலித்தீன் தாங்கி துருவே பிடிக்காது. நந்திக்கடல், பூநகரி, கொக்கிளாய் என்று உப்புக்காற்றில் ஓடும் வாகனத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். கல் அடித்தாலும் அமுங்கி எழும்பும். கிழிந்தால் ஊரில் ஒட்ட ஆள் கிடைக்காது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வருமென்றால் வெப்பத்தடுப்புத் தகடு கட்டாயம். கோடையில் காய்ந்த புல் அந்த இடைவெளியில் சிக்கிப் புகைவது வன்னிப் பாதையில் புதினமல்ல.

ஐந்தாம் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

விற்பவர் லீற்றரைத்தான் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று.

முதலாவது, தடுப்புத் தகடுகள். அரைவாசி நிரம்பிய தாங்கியில் எண்ணெய் இங்குமங்கும் பாயும். வளைவில் வாகனத்தைத் தள்ளும், ஏற்றத்தில் உறிஞ்சும் குழாயை விட்டு விலகி எஞ்சினுக்குக் காற்றைக் கொடுக்கும். 60 லீற்றருக்கு மேற்பட்ட தாங்கியில் தடுப்பு இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூச்சுக்குழாய். ஓடிவந்த தாங்கி சூடாக இருக்கும். சூடான நிலையில் வாய்க்காலிலோ குளத்துக் கலிங்கின் வழிநீரிலோ இறங்கினால் சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாயின் நுனி தாழ இருந்தால் அந்தச் சுருக்கம் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பலர் செட்டில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவார்கள், தண்ணீர் வந்த வழி இதுவாக இருக்கும். நுனியை ஊற்றும் வாயின் உயரத்துக்கு மேலே கொண்டுபோங்கள், சின்ன வடிகட்டி ஒன்றையும் மாட்டுங்கள், வாகனம் கவிழ்ந்தால் அடைக்கும் வால்வும் இருக்கட்டும். அந்தக் குழாய் ஒடுக்கமாக இருந்தால் இன்னொரு தொல்லை: செட்டில் அடிக்கும்போது நுரைத்து நுரைத்து பம்ப் நின்றுகொண்டே இருக்கும், பின்னால் நிற்கும் லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) காரர் ஹோர்ன் அடிப்பார்.

மூன்றாவது, வடிப்பு. தாங்கியின் மிகத் தாழ்ந்த இடத்தில் கழற்றும் திருகு இருக்க வேண்டும், கல் அடிக்காதபடி உள்வாங்கி. தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில்தான் நிற்கும். அதைத் திறந்து எடுக்க வழியில்லாத தாங்கி சேறு சேர்க்கும் குடம்.

இதோடு எஞ்சினுக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் மேலதிக வடிகட்டி ஒன்று. காமன் ரெயில் பம்பு 1,600 பார், சிலவற்றில் அதற்கும் மேல் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத செம்மண் துகள் போதும் இன்ஜெக்டரைத் தின்ன. வெளி வடிகட்டி 30 மைக்ரோன் அளவில் இருக்கட்டும், நுண்ணியதைக் கம்பனி வடிகட்டி பார்த்துக்கொள்ளும். இரண்டையும் மிக நுண்ணியதாகப் போட்டால் பம்பு இழுக்க முடியாமல் திணறும். காசு குறைவென்றால் தாங்கியைத் தள்ளிப்போட்டு, இந்த வடிகட்டியை முதலில் பூட்டுங்கள்.

ஆறாம் படி: கடதாசி

வாகனத்தின் அமைப்பை மாற்றுவதால், வேலை தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஏதும் தீப்பிடித்தால் "எங்களுக்குச் சொல்லவில்லையே" என்ற ஒரு வசனத்தில் அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

ஏழாம் படி: பூட்டும் நாள்

அன்றைக்கு நீங்களும் கராச்சில் நில்லுங்கள். மெக்கானிக் அண்ணைக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக்கொண்டே பார்க்க வேண்டியவை இவை.

எண்ணெய் இருந்த தாங்கியை எக்காரணம் கொண்டும் வெல்டிங் செய்ய விடாதீர்கள். காலியான தாங்கிதான் நிரம்பியதைவிட ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. தாங்கிப் பட்டிகளைச் சேஸியில் ஏற்கெனவே உள்ள துளைகளில் பூட்டட்டும்; சேஸியின் மேல், கீழ் விளிம்புகளில் புதுத்துளை போட்டால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். பட்டிக்கும் தாங்கிக்கும் இடையே றப்பர் இருக்க வேண்டும், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் பஞ்சு வகையாக இருக்கக் கூடாது. பிரேக் குழாயும் வயரும் தாங்கியில் உரசுகின்றனவா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

ஏற்றுமுன் கசிவு பார்க்க வேண்டும். வாய்களை அடைத்து, மிகக் குறைந்த காற்றைக் கொடுத்து, ஒட்டுகளில் சவர்க்கார நுரை பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரயருக்கு அடிக்கும் அளவு காற்றைக் கொடுத்தால் தாங்கி வீங்கிப் பிளந்துவிடும்.

பூட்டியதும் அளவுகாட்டியை நம்பாதீர்கள். வெறும் தாங்கியில் பத்துப் பத்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி, சன்வைசரில் ஒட்டிவிடுங்கள். தாங்கியின் வடிவம் மாறினால் அரைவாசி என்று காட்டும் இடத்தில் அரைவாசி இராது. கடைசிப் பத்து லீற்றரில் எவ்வளவு உண்மையில் உறிஞ்சப்படுகிறது என்பதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம், கராச் வாசலில் நின்றால் தள்ளிவிட ஆள் உண்டு.

முதல் 500 கிலோமீற்றருக்குப் பிறகு எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள்.

எட்டாம் படி: வருடம் முழுதும்

துணைத் தாங்கியில் உள்ளதை முதலில் ஓடி முடியுங்கள், அப்புறம் முதல் தாங்கி. மாதக்கணக்கில் தேங்கி நின்ற டீசலில், அடியில் தண்ணீரும் இருந்தால், கறுத்த வழுவழுப்பாக நுண்ணுயிர் வளரும். நம் வெக்கைக்கு அது வேகமாக வளரும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து ஓடிவிட்டு ஷெட்டில் நிறுத்திப்போகிறவர்கள் துணைத் தாங்கியைக் காலி செய்துவிட்டுப் போவது நல்லது. ஊரில் தொடர்ந்து ஓடுகிறவர்கள் இதற்கு எதிர்மாறாக, மழைக்காலத்தில் தாங்கியை நிரப்பியே வைத்திருக்கலாம். வெற்றிடம் குறைய, சுவரில் படியும் ஈரமும் குறையும்.

மாரி தொடங்குமுன், புரட்டாதி ஐப்பசி வாக்கில், வாகனத்தை ஓரிரவு சமதரையில் நிறுத்திவிட்டு, விடிய எஞ்சினைத் தொடாமல் வடிப்புத் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். கீழே தெளிந்த கோடு தெரிந்தால் தண்ணீர். கலங்கல் இல்லாத டீசல் வரும் வரை விடுங்கள். வெளி வடிகட்டியின் கிண்ணத்தையும் அன்றே திறந்து பாருங்கள். கடற்கரையில் ஓடி வந்த அன்று தாங்கியின் மேற்பக்கத்துக்கும் தரைத் தகட்டுக்கும் இடையில் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். காப்புத் தகட்டில் வடிகால் ஓட்டைகள் இல்லையென்றால் அடுத்த முறை கழற்றும்போது நான்கைந்து போட்டுவிடுங்கள்.